ஆங்கிலம் பயில்வோம்: கேள்விச் சொல், ஆனால் கேள்வி அல்ல



சில ஆண்டுகளுக்கு முன், கரையோரப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், ஒரு தாயும் மகளும் கையில் இரண்டு கடிதங்களோடு அறைவீட்டுக்கு வந்தார்கள். புயலில் அவர்களுடைய வள்ளம் போய்விட்டது. தொழிலுக்குப் போன இருவரையும் வேறு வள்ளத்தார் ஏற்றிக் கரை சேர்த்துவிட்டார்கள். வள்ளமும் இயந்திரமும் வலைகளும் கடலோடு போயின. காப்புறுதிப் பணம் கேட்டு மகள் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி பெற்ற பிள்ளை. கடிதமும் நல்ல கடிதம்தான். ஆனால் வந்த பதிலில் ஒரு கேள்வி இருந்தது: வள்ளம் உரிமையாளருக்குத் தெரியாமல் கொண்டுபோகப்பட்டதா?

தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "சுவாமி, இவருதான் விடியப்புறம் விளக்குப் பிடிச்சு வள்ளத்தைத் தள்ளிவிட்டவர். மணிக்கூடு பாக்கேல்லை, அவ்வளவுதான். இவை என்ன கேக்கினம்?" என்றார்.

மகளின் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். குற்றவாளி ஒரேயொரு வசனம். அதைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்: "வீ டிட் நொட் நோ வென் த போட் லெஃப்ட்."

(இந்தப் பாடம் முழுவதிலும் ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதப் போகிறேன். வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, பிள்ளைகள் அதைக் கேட்டு ஆங்கில எழுத்தில் கொப்பியில் எழுதட்டும். சொல்வதெழுதலும் ஆயிற்று, இலக்கணமும் ஆயிற்று.)

பிள்ளை சொல்ல நினைத்தது, "வள்ளம் எப்போது புறப்பட்டது என்று எங்களுக்குத் தெரியாது" என்பது. காரியாலயத்தில் இருந்தவர் வாசித்தது, "வள்ளம் புறப்பட்டபோது எங்களுக்குத் தெரியாது" என்பது. முதலாவதில் தெரியாதது நேரம் மட்டும். இரண்டாவதில் புறப்பட்ட செய்தியே தெரியாது. அந்த ஆங்கில வசனம் இரண்டு பொருளையும் தாங்கும். வாசித்தவர் மீது பழி சொல்ல இடமில்லை.

இந்த இரட்டைப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதே இவ்வாரப் பாடம். தமிழில் "எப்போது... என்று", "புறப்பட்டபோது", "புறப்பட்ட நாள்" என்று மூன்று வேறு வடிவங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே "வென்"தான். "வெயர்", "வை", "ஹவ்" ஆகியவையும் இதே இனம். பார்வைக்குக் கேள்விச் சொற்கள். ஆனால் ஒரு வசனத்துக்குள் இன்னொரு வசனத்தைக் கொண்டுவந்து கட்டும் கயிறாக நிற்கும்போது அவை கேள்வி கேட்பதில்லை. கட்டப்படும் வசனத்தைச் சார்பு வசனம் என்றும், எதனோடு கட்டப்படுகிறதோ அதைத் தலைமை வசனம் என்றும் சொல்லுவோம்.

இந்தச் சொற்களின் குடும்பத்தை முதலில் பாருங்கள். தமிழில் எங்கே, அங்கே, இங்கே என்று முதல் எழுத்தை மட்டும் மாற்றுகிறோம். எ வினா, அ, இ சுட்டு. ஆங்கிலத்திலும் வெயர், தெயர், ஹியர் என்று ஒரு வரிசை உண்டு. எப்போது, அப்போது என்பதற்கு வென், தென். "ஹவ்" மட்டும் எச் எழுத்தில் தொடங்கி வேற்றாள் போல நிற்கும். அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். பழைய ஆங்கிலத்தில் மற்றச் சொற்களிலும் எச் ஒலிதான் முன்னால் எழுதப்பட்டது. பின்னாளில் எழுத்துகள் இடம் மாறி, டபிள்யூ முன்னே வந்தது. எழுத்துக்கூட்டலில் இடறும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் சற்று ஆறுதலாக இருக்கும்.

இனி முதலாவது வடிவம். ஒரு கேள்வியை முழுசாக எடுத்து, "தெரியாது", "சொல்லுங்கள்", "கேட்டான்", "நினைவில்லை" போன்ற சொற்களுக்குள் வைப்பது. தமிழில் இதைவிட எளிதான காரியம் இல்லை. "அவர் எங்கே இருக்கிறார்?" என்ற கேள்வியை அப்படியே தூக்கி, பின்னால் "என்று" போட்டு, "தெரியாது" என்று முடித்துவிடலாம். உள்ளே ஒரு சொல்லும் அசையாது. இந்தப் பழக்கமே ஆங்கிலத்தில் நம்மை விழுத்துகிறது. "வெயர் இஸ் ஹீ?" என்ற கேள்வியை அப்படியே தூக்கி, "ஐ டூ நொட் நோ வெயர் இஸ் ஹீ" என்று எழுதிவிடுகிறோம். சரியானது "ஐ டூ நொட் நோ வெயர் ஹீ இஸ்" என்பதே.

ஆங்கிலம் கேள்வியைக் காட்டுவது சொற்களின் ஒழுங்கினால். எழுவாய்க்கு முன்னே வினை வந்தால் கேள்வி. எழுவாய்க்குப் பின்னே வந்தால் கூற்று. "ஐ டூ நொட் நோ" என்று தொடங்கிவிட்டால் நீங்கள் கேட்கவில்லை, சொல்லுகிறீர்கள். ஆகையால் உள்ளே இருப்பதும் கூற்றின் ஒழுங்குக்குத் திரும்ப வேண்டும். குருமடத்தில் இலத்தீன் படித்தபோது எங்களை வருத்தியதும் இதே இடந்தான். அங்கே சொல்லொழுங்கு மாறாது, வினையின் வடிவமே மாறும்; அதற்கென்று தனி வாய்பாட்டை மனனம் செய்ய வேண்டும். ஆங்கிலம் கேட்பது இடமாற்றம் மட்டுமே. அந்த மட்டில் சந்தோஷப்படலாம்.

"டூ", "டஸ்", "டிட்" என்னும் துணைவினைகள் வரும் கேள்விகளில் இன்னுமொரு வேலை உண்டு. "வெயர் டஸ் ஹீ வேர்க்?" என்பதை உள்ளே வைக்கும்போது "டஸ்" போய்விடும். போகும்போது தன்னிடமிருந்த எஸ் எழுத்தை வினைக்குக் கொடுத்துவிட்டுப் போகும்: "ஐ நோ வெயர் ஹீ வேர்க்ஸ்." "வை டிட் ஷீ க்ரை?" என்பதில் "டிட்" தன்னிடமிருந்த இறந்தகாலத்தை வினைக்குக் கொடுக்கும்: "ஐ நோ வை ஷீ க்ரைட்." பிள்ளைகள் "ஐ நோ வை டிட் ஷீ க்ரை" என்று எழுதினால், சிவப்பு மையால் வெட்டிவிட்டுப் போகாமல், அந்த "டிட்" எங்கே போக வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள்.

வேறு இரண்டு தவறுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "என்று" என்ற சொல்லுக்கு "தட்" என்று மனனம் செய்த பிள்ளைகள், "ஐ டூ நொட் நோ தட் வெயர் ஹீ இஸ்" என்று எழுதுவார்கள். "வெயர்" இருக்கும் இடத்தில் "தட்" வேண்டாம். ஒரு மூட்டைக்கு ஒரு கயிறு போதும். மற்றது வயது, தூரம், காலம் கேட்கும் "ஹவ் ஓல்ட்", "ஹவ் ஃபார்", "ஹவ் லோங்" ஆகியவை. இந்த இணைகளைப் பிரிக்கக்கூடாது. "ஐ டூ நொட் நோ ஹவ் ஓல்ட் ஹீ இஸ்" என்பது சரி. "ஹவ் ஹீ இஸ் ஓல்ட்" என்பதும் பிழை, "ஹவ் ஓல்ட் இஸ் ஹீ" என்று உள்ளே வைப்பதும் பிழை.

மரியாதையாக வழி கேட்கும்போது இவ்வடிவமே வரும்: "குட் யூ டெல் மீ வெயர் த போஸ்ட் ஒபிஸ் இஸ்?" கடைசியில் கேள்விக்குறி இருக்கிறதே, உள்ளே கூற்று ஒழுங்கு எப்படி என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குறி "குட் யூ" என்பதற்கு உரியது. தபாற்கந்தோர் எங்கே என்பது அதற்குள் அடங்கிய பொருள் மாத்திரமே.

எழுவாய் எங்கே, வினை எங்கே என்று தடுமாறுகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. "எங்கே போவது என்று தெரியவில்லை", "எப்படிச் செய்வது என்று காட்டுங்கள்" என்று தமிழில் எழுவாய் இல்லாமல் சொல்லுகிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் "வெயர் டு கோ", "ஹவ் டு டூ இட்" என்று சொல்லலாம். "வென் டு கம்" என்பதும் வரும். "வை டு" என்று மட்டும் இப்படி எழுதாதீர்கள்.

இரண்டாவது வடிவம், "போது" என்பது. "மழை பெய்தபோது நாங்கள் வீட்டில் இருந்தோம்": "வென் இட் ரெய்ன்ட், வீ வெயர் அட் ஹோம்." இங்கே கேள்வியின் சாயலே கிடையாது. தமிழிலும் "எப்போது" என்ற சொல் வராது. சொல்லொழுங்கில் நம் பிள்ளைகள் அதிகம் தவறுவதுமில்லை. தவறுவது எதிர்காலத்தில். "அப்பா வரும்போது சொல்லுவேன்" என்பதை "வென் ஃபாதர் வில் கம், ஐ வில் டெல் ஹிம்" என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் இந்த "வென்" தனக்குள் "வில்" என்பதை ஏற்காது: "வென் ஃபாதர் கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்." எதிர்காலத்தைத் தலைமை வசனம் ஒரு முறை சொன்னால் போதும் என்பது அந்த மொழியின் வழக்கம்.

ஆனால் முதலாவது வடிவத்தில் "வில்" தாராளமாக வரும். "அப்பா எப்போது வருவார் என்று தெரியாது" என்பது "ஐ டூ நொட் நோ வென் ஃபாதர் வில் கம்." இரண்டையும் சேர்த்து ஒரே வசனமாக மனனம் செய்யுங்கள்: "ஐ டூ நொட் நோ வென் ஹீ வில் கம், பட் வென் ஹீ கம்ஸ் ஐ வில் டெல் ஹிம்." ஒரே சொல், இரண்டு வேலை, ஒரே மூச்சில். இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் "எப்போது" ஓரிடத்திலும் "போது" ஓரிடத்திலும் வரும். "எப்போது" வந்த இடத்தில் "வில்" இருக்கலாம். "போது" வந்த இடத்தில் இருக்கக்கூடாது. பெரிய இலக்கண நூல்களில் இதற்குப் பல பக்கங்கள் உண்டு. நமக்கு நம் தாய்மொழியே அளவுகோலைத் தந்திருக்கிறது.

காற்புள்ளி பற்றி ஒரு வார்த்தை. "வென்" வசனம் முன்னே வந்தால் அது முடியும் இடத்தில் காற்புள்ளி போடுங்கள். பின்னே வந்தால் பொதுவாக வேண்டியதில்லை. "வெயர்" என்பதும் இப்படி இடத்தைக் குறித்து வரும். "வெயர் தெயர் இஸ் எ வில், தெயர் இஸ் எ வே" என்ற ஆங்கிலப் பழமொழியில் உள்ள "வெயர்" இவ்வகையானதே.

மூன்றாவது வடிவமே நமக்கு மிக அந்நியமானது. "நான் பிறந்த ஊர்", "நான் பிறந்த நாள்", "நான் அழுத காரணம்". இவற்றில் "பிறந்த", "அழுத" என்பவை பெயரெச்சங்கள். ஊருக்கும் பிறந்ததற்கும் என்ன தொடர்பு? ஊரிலே பிறந்தேன். நாளுக்கும் பிறந்ததற்கும்? அந்த நாளிலே பிறந்தேன். தமிழ் இத்தொடர்பை வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்பவர் தாமே உணர்ந்துகொள்ளுவார். ஆங்கிலமோ சொல்லியே தீரும்: "த வில்லேஜ் வெயர் ஐ வோஸ் போர்ன்", "த டே வென் ஐ வோஸ் போர்ன்", "த ரீசன் வை ஐ க்ரைட்." இடப்பெயர் வந்தால் "வெயர்", காலப்பெயர் வந்தால் "வென்", "ரீசன்" வந்தால் "வை". "ஹவ்" மட்டும் இங்கே சேராது. "த வே ஹவ்" என்று எழுதக்கூடாது. "த வே" அல்லது "ஹவ்", இரண்டில் ஒன்று. "திஸ் இஸ் ஹவ் மை ஃபாதர் மென்ட்ஸ் நெட்ஸ்": என் தகப்பனார் வலை பொத்துவது இப்படித்தான்.

ஐரோப்பியர் தமிழ் படித்தபோது இதே இடத்தில் எதிர்ப்பக்கமிருந்து வந்து நின்றார்கள். தம் மொழிகளில் உள்ள இணைப்புச் சொல்லைத் தமிழில் தேடினார்கள். அது இல்லை, பெயரெச்சமே அந்த வேலையைச் செய்கிறது. 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இந்தப் பெயரெச்சத்தைத் தனியாக எடுத்து ஆராய்கிறது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே நம் வீரமாமுனிவர், தம்மைப் போல் வெளிநாட்டிலிருந்து வந்த குருக்களுக்காக இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் எழுதினார். அவர்கள் இல்லாத சொல்லை விட்டுவிடப் பழகினார்கள். நாம் இல்லாத சொல்லைச் சேர்க்கப் பழகவேண்டும்.

இந்தப் பழக்கத்தில் பெரிய பிள்ளைகளும் இடறும் ஓரிடம் உண்டு. "நாங்கள் இருக்கும் வீடு", "நாங்கள் வாங்கிய வீடு": தமிழில் இரண்டும் ஒரே அச்சு. ஆங்கிலத்தில் முதலாவது "த ஹவுஸ் வெயர் வீ லிவ்", இரண்டாவது "த ஹவுஸ் விச் வீ போட்." வீடு இடந்தானே என்று இரண்டாவதிலும் "வெயர்" போட்டால் பிழை. எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் பெயரைத் திரும்ப வசனத்துக்குள் வைத்துப் பாருங்கள். "அங்கே இருக்கிறோம்" என்று வந்தால் "வெயர்." "அதை வாங்கினோம்" என்று வந்தால் "விச்." அங்கே என்றால் வெயர், அதை என்றால் விச். "வெயர்" போட்ட பிறகு கடைசியில் "இன்" சேர்த்து "த ஹவுஸ் வெயர் வீ லிவ் இன்" என்று எழுதுவதும் கூடாது. "வெயர்" என்பதற்குள்ளேயே அந்த "இல்" உருபு அடங்கிவிட்டது.

"வை" பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. நம்மவர் ஆங்கிலம் பேசும்போது, "ஐ டிட் நொட் கம், வை பிக்கோஸ் ஐ வோஸ் சிக்" என்பார்கள். "ஏனென்றால்" என்ற அழகான தமிழ்ச் சொல்லை இரண்டாகப் பிளந்து, "ஏன்" ஒரு பாதி, "என்றால்" ஒரு பாதி என்று மொழிபெயர்த்த விளைவு இது. மேடைகளிலும் கேட்டிருக்கிறேன், மறையுரையிலும் கேட்டிருக்கிறேன், யார் என்று சொல்ல மாட்டேன். "பிக்கோஸ்" ஒன்றே போதும்.

இவ்வளவு நுணுக்கம் நமக்கு எதற்கு என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். "வெயர் இஸ் ஹீ" என்று உள்ளே வைத்தாலும் கேட்பவருக்கு விளங்கும் என்பது உண்மைதான். சந்தையிலும் பஸ்ஸிலும் அதனால் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. சிங்களம் அறியாத நம் குடும்பங்கள் பல, கொழும்பிலுள்ள காரியாலயங்களுக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் தங்கள் குறைகளை ஆங்கிலத்தில்தான் எழுதுகின்றன. எழுதுகிறவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை. வாசிக்கிறவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை; தாளைத்தான் பார்க்கிறார்.

இனி அந்த வள்ளத்துக் கடிதத்துக்கு வருவோம். பிள்ளை ஏன் "டிட் நொட் நோ" என்று எழுதினாள்? நடந்து முடிந்த காரியம், ஆகையால் இறந்தகாலம் என்று நினைத்தாள். நம் "தெரியாது" என்ற சொல்லுக்குக் காலம் இல்லை. நேற்றும் தெரியாது, இன்றும் தெரியாது, நாளைக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் காலம் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். அவள் இறந்தகாலத்தைத் தெரிந்தெடுத்ததும் "வென்" இரண்டு பக்கமும் சாய இடம் கிடைத்தது. "வீ டூ நொட் நோ" என்று நிகழ்காலத்தில் எழுதியிருந்தால், இன்றைக்கும் நேரம் தெரியாது என்ற ஒரு பொருளே நின்றிருக்கும். பிழையாகப் படித்த பிள்ளையல்ல அவள். தமிழில் சரியாக நினைத்ததை அப்படியே எடுத்து வைத்தாள், அவ்வளவுதான்.

"பிள்ளை, இந்த இடத்தில் 'வென்' வேண்டாம். நேரத்தை நேரம் என்றே சொல்லுவோம்" என்று சொல்லி, மேசையிலே இருந்து இரண்டு வசனங்கள் எழுதினோம். முதலாவது: "வீ டூ நொட் நோ அட் வட் டைம் த போட் லெஃப்ட்." எந்த நேரத்தில் என்று வெளிப்படையாகச் சொல்லியாயிற்று, இனி வேறு விதமாக வாசிக்க முடியாது. இரண்டாவது: "வென் இட் லெஃப்ட், மை ஃபாதர் வோஸ் ஒன் த ஷோர் அண்ட் ஹெல்ப்ட் டு புஷ் இட்." வள்ளம் புறப்பட்டபோது தகப்பனார் கரையில் நின்று தள்ள உதவினார். தாய்க்கு வாசித்துப் பொருள் சொன்னபோது, "இதைத்தானே நான் முதலிலயே சொன்னனான்" என்றார். அடுத்து வந்த பதிலில் அனுமதி பற்றிய கேள்வி இல்லை. இயந்திரத்தின் இலக்கத்தை மட்டும் கேட்டிருந்தார்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு ஐந்து வசனங்கள். விடையை மறைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். ஒன்று, அம்மா எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு, தம்பி வரும்போது கதவைத் திற. மூன்று, நாங்கள் விளையாடிய முற்றம் இதுதான். நான்கு, அவர் ஏன் போனார் என்று கேள். ஐந்து, நாங்கள் நட்ட மாமரம் இதுதான்.

விடைகள்: "ஐ டூ நொட் நோ வெயர் மதர் வென்ட்." "ஓப்பன் த டோர் வென் தம்பி கம்ஸ்." "திஸ் இஸ் த யார்ட் வெயர் வீ பிளேய்ட்." "ஆஸ்க் வை ஹீ வென்ட்." "திஸ் இஸ் த மாங்கோ ட்ரீ விச் வீ பிளான்டட்." ஐந்தாவதில் "வெயர்" எழுதியவர்கள் மரத்தைத் திரும்ப வசனத்துக்குள் வைத்துப் பாருங்கள்: அங்கே நட்டோமா, அதை நட்டோமா?